உனக்குப் பதிலாக நான் பேசியது

அன்புள்ள அமல்,

ஞாயிற்றுக்கிழமை காலை நீ வேலையில் சேர பெங்களூர் ரயிலில் ஏறப் போகிறாய். உன் சக்கர நாற்காலி ரயில் பெட்டியின் வாசலில் நுழையுமா என்று பார்ப்பதற்காக உன் அப்பா இதுவரை மூன்று தடவை சென்ட்ரலுக்குப் போய் டேப்பை வைத்து அளந்துவிட்டு வந்துவிட்டார். கார்ப்பரேஷனில் இத்தனை வருஷம் வரைபடம் போட்ட மனிதர், எதையும் அளந்தால்தான் அவருக்கு நிம்மதி. எனக்கு அளப்பதற்கு எதுவும் இல்லை, பேசத்தான் தெரியும். போன வாரம், பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்கிறேன் என்று சொன்னேன். நீ கழுத்தை ஒரு பக்கமாக இழுத்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "வேணாம்மா" என்றாய். "அங்கே உன் பேச்சு யாருக்குடா புரியும்?" என்று கேட்டேன். "கத்துக்குவாங்க" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் அம்மாவுக்கு வாய் வராமல் போவது எவ்வளவு அபூர்வம் என்பது மயிலாப்பூருக்கே தெரியும்.

உனக்கு இருபத்தொரு வயது. நீ தனியாகப் போகிறாய் என்ற பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அதைவிடப் பெரிதாக ஒன்று என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. நான் உனக்கு ஒரு தப்பு செய்தேன். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் நாம் இருவரும் அதை முழுதாகப் பேசியதே இல்லை. நேரில் சொன்னால் நான் பாதியில் அழுதுவிடுவேன், என்னைச் சமாதானப்படுத்த நீ பேச வேண்டி வரும், ஒரு வாக்கியத்துக்கு நீ படுகிற பாடு எனக்குத் தெரியாதா? அதனால் எழுதுகிறேன். உன்னைப் போன்ற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடையாறு சென்டருக்குப் புதிதாக வரும் பெற்றோர்களுக்கு இதைப் படிக்கக் கொடுக்கலாம் என்று உனக்குத் தோன்றினால் கொடு, வேண்டாம் என்றால் கிழித்துப் போடு. அந்த முடிவு உன்னுடையது.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ பிறந்தபோது அழவில்லை. நர்ஸ் உன்னைக் கவிழ்த்துத் தட்டி, தண்ணீர் தெளித்து, என்னென்னவோ செய்த பிறகுதான் ஒரு சின்னச் சத்தம் வந்தது. அந்தச் சில நிமிஷங்களில் என்ன நடந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உனக்குக் கழுத்து நிற்கவில்லை, எட்டு மாதமாகியும் உட்காரவில்லை, பால் புரை ஏறிக்கொண்டே இருந்தது. "சில பிள்ளைங்க லேட்டாத்தான் எல்லாம் செய்யும்" என்று ஒரு டாக்டர் சொன்னார், இன்னொருவர் டானிக் எழுதிக் கொடுத்தார். ஒன்றரை வயதில்தான் ஒரு நரம்பு டாக்டர் உன்னைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு அந்தப் பெயரைச் சொன்னார். செரிப்ரல் பால்சி. தமிழில் மூளை முடக்குவாதம். வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். அதில் 'மூளை' என்று இருந்ததால் உனக்குப் புத்தி இருக்காது என்று முடிவு கட்டிக்கொண்டேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், என் பிள்ளைக்கு எழுத்தே வராது என்று தீர்மானித்த நாள் அது.

உனக்கு நாலு வயதானபோது அடையாறில் இருக்கும் அந்தச் சென்டருக்கு யாரோ சொல்லிப் போனோம். அங்கே வசந்தா டீச்சர் தரையில் பாயைப் போட்டு, உன்னை மடியில் சாய்த்துக்கொண்டு, உன்னிடமே பேசினார். பிறகு என்னைப் பார்த்து, "அமல் அம்மா, இது வியாதி இல்ல. மூளையில, கைகாலுக்குக் கட்டளை போடற இடத்துல ஒரு காயம். அது பெருசாகாது, ஆறவும் ஆறாது. உடம்பைப் பழக்கலாம், அவ்வளவுதான். ஆனா புத்தி வேற, பேச்சு வேற. வாய் சொன்னபடி கேக்காததால உள்ளே ஒண்ணுமில்லன்னு நினைச்சுடாதீங்க" என்றார். அப்புறம் உன் முன்னால் ஒரு டம்ளரையும் ஒரு பந்தையும் வைத்து, "எதுல தண்ணி குடிப்பே?" என்று கேட்டார். உன் கை எங்கெங்கோ போயிற்று. ஆனால் உன் கண் நேராக டம்ளருக்குப் போய் நின்றது. அவர் இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் டம்ளர். நாலு வருஷமாக என் வீட்டுக்குள் இருந்துகொண்டு நீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய் என்று அந்தப் பாயில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். வசந்தா டீச்சர் பார்க்கும்படியே அழுதேன்.

அந்தச் சென்டர் எங்களுக்குச் செய்ததை எழுதினால் நோட்டுப் புத்தகம் பத்தாது. குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படி உட்காரவைத்து ஊட்டினால் புரை ஏறாது என்று எங்களுக்குத்தான் முதலில் பாடம் நடத்தினார்கள். சனிக்கிழமைகளில் பெற்றோர் கூட்டம் நடக்கும். ரயில் சலுகைக்கு எந்த ஃபாரத்தில் எந்த டாக்டரிடம் கையெழுத்து வாங்குவது என்பதிலிருந்து, மாமியார் 'யார் செஞ்ச பாவமோ' என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்பது வரை அங்கே பேசுவோம். உன் அப்பா அந்தக் கூட்டங்களில் வாயே திறக்க மாட்டார். ஆனால் யார் வீட்டுப் பிள்ளைக்காவது சாய்வு நாற்காலி வேண்டும் என்றால், மறுவாரம் படம் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்.

நீ ஆறு வயதில் பேச ஆரம்பித்தாய். முதலில் கேட்பவர்களுக்கு அது முனகல் மாதிரிதான் இருக்கும். ஒரு சொல்லை வெளியே கொண்டுவர உன் கழுத்து, தோள், கால் விரல்கள் வரை வேலை செய்யும். நானோ காலையில் எழுந்ததிலிருந்து சொற்களை வாரி இறைத்துக்கொண்டிருப்பவள். நீ ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைப்பாய். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பாக இருக்கும், இன்றைக்கும் அப்படித்தான். நான் உன் கூடவே இருந்ததால் எனக்கு அது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. யார் வந்தாலும் "என்ன சொல்றான்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். நானும் உடனே சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, மறைக்கவில்லை. நான் இல்லாவிட்டால் உனக்குக் குரலே இல்லை என்ற பெருமை.

சின்னச் சின்னதாக அப்போதே மாற்ற ஆரம்பித்துவிட்டேன். உன் அத்தை ஸ்வெட்டர் வாங்கிவந்து, "பிடிச்சிருக்கா கண்ணு?" என்று கேட்டபோது நீ "குத்துது" என்றாய். "ரொம்ப பிடிச்சிருக்காம் அண்ணி" என்று நான் சொன்னேன். மெட்ராஸ் வெயிலில் அந்தக் கம்பளியை நீ ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டிருந்தாய். இதை மரியாதை என்று நினைத்தேன். நம்மை மந்தைவெளியிலிருந்து தினமும் அடையாறுக்குக் கூட்டிப்போன ஆட்டோக்காரர் மட்டும்தான் என்னைக் கண்டுபிடித்தவர். கிரீன்வேஸ் ரோட்டில் ஒருநாள் நீ ஏதோ சொல்ல, நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அவர் திரும்பாமலே, "நீ கம்முனு இரும்மா. அவன் இன்னா சொல்றான்னு நான் கேட்டுக்கினுதான் கீறேன். பாலத்தாண்ட மெதுவா போ, படகு பாக்கணும்ங்கிறான். அதானே நைனா?" என்றார். நீ சிரித்த சிரிப்பில் உன் கால் என் முட்டியில் இடித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு மாதம் நமக்கு ஆட்டோ ஓட்டிய மனிதருக்குப் புரிகிறது என்றால் உலகத்தில் யாருக்கும் புரியும் என்று நான் அன்றைக்கே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரே ஒரு வெறி இருந்தது. நீ நடக்க வேண்டும். உன் அப்பா சென்டரில் கொடுத்த படத்தைப் பார்த்து, உன்னை நிற்க வைக்க ஒரு மரச் சட்டம் செய்தார். முட்டியிலும் இடுப்பிலும் மார்பிலும் பட்டை கட்டி உன்னை அதில் நிறுத்த வேண்டும். அரை மணி நேரம் போதும் என்றார்கள் அங்கே. நான் வாத்தியாரம்மா இல்லையா, அதிகமாக எழுதினால் அதிக மார்க் என்று நம்புகிறவள். அதை ஒன்றரை மணி நேரமாக்கினேன். நீ அழுவாய். நான் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன். "அழுதா நேரம் கூட்டுவேன்" என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிற நாள். கூடப் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் எட்டு வயதிலேயே ஆகிவிட்டது. உனக்குப் புரியுமா என்று பங்குக் கோயிலில் தயங்கிக்கொண்டே இருந்தார்கள். ஞானோபதேசம் சொல்லித்தந்த சிஸ்டர், இந்தப் பையனுக்குத் தெரிந்த அளவு மற்றவர்களுக்குத் தெரியாது என்று சண்டை போட்ட பிறகுதான் உன்னைச் சேர்த்தார்கள். அப்புறம், நன்மை வாங்குவதற்கு முன்னால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனம் என்ற இடத்தில் வந்து நின்றது. நம் பங்குச் சாமியார் வயதானவர், நல்ல மனுஷர். "டீச்சர், தம்பி பேசறது எனக்கு விளங்கலையே. ஒண்ணு செய்யலாம். பத்துக் கட்டளையையும் நான் ஒவ்வொண்ணா கேக்கறேன், தம்பி தலையாட்டினா போதும்" என்றார். அது எவ்வளவு நல்ல யோசனை! எனக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது. என் பிள்ளை தலையாட்டுகிற பொம்மையா? "வேணாம் ஃபாதர். அவனே வாயால சொல்லுவான். நான் பக்கத்துல இருந்து உங்களுக்கு எடுத்துச் சொல்றேன்" என்றேன். அவர், உள்ளே கேட்டது எதையும் வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். ஒரு பிள்ளை தன் பாவத்தைச் சொல்லும்போது பெற்ற தாயே நடுவில் உட்கார்ந்திருக்கலாமா என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

பீடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நீ என் மடியில் சாய்ந்திருந்தாய். சாமியார் காதைக் கொடுத்துக் குனிந்தார். நீ கண்ணை மூடிக்கொண்டு, உடம்பு முழுவதையும் இறுக்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். "எக்சர்சைஸ் அப்போ... அம்மா... செத்துடணும்னு... நெனச்சேன்." நான் செத்துப்போக வேண்டும் என்று நீ நினைத்திருக்கிறாய், எனக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. சாமியார் என்னைப் பார்த்து, "என்ன சொல்றான் தம்பி?" என்று கேட்டார். நான் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை, அமல். "ஜெபம் சொல்லும்போது பராக்குப் பார்த்தானாம் ஃபாதர்" என்று சொன்னேன். அவர் சிரித்தார். "நாங்களே பாக்கறோமே" என்றார். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். அப்புறம் மறுபடி பேச முயன்றாய். கை விறைத்து, தலை பின்னால் போய் என் தாடையில் இடித்தது. "போதும் தம்பி, கஷ்டப்படாதே, ஆண்டவருக்குத் தெரியும்" என்று அவர் உன் தலையில் கையை வைத்தார். மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்லி, நீ சொல்லாத பாவத்துக்கு மன்னிப்புக் கொடுத்து அனுப்பினார். நீ எதிர்த்தாய், அதை நாங்கள் உன் உடம்பின் கோளாறு என்று வைத்துக்கொண்டோம்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நூறு தடவை யோசித்திருக்கிறேன். வெட்கம் ஒரு காரணம். உனக்காகவே வாழ்கிறேன் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தச் சொல் எனக்குச் செருப்படி மாதிரி விழுந்தது. ஆனால் உன்மேல் கோபமும் இருந்தது, அதையும் ஒளிக்கக் கூடாது. மறுநாள் காலை மரச் சட்டத்தில் பட்டையை ஒரு துளை அதிகமாகவே இறுக்கினேன்.

புதுநன்மை அன்று வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, உன் கையோடு உன் அப்பா சேர்த்துப் பிடித்துக்கொண்ட மெழுகுவர்த்தி. வீட்டில் ஐம்பது பேருக்குப் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. சாமியார் அப்பத்தை எடுத்து உன் உதட்டருகில் கொண்டுவந்தார். நீ வாயைத் திறக்கவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். உன் பல்லெல்லாம் கிட்டியிருந்தது, கன்னம் நடுங்கியது, கண்ணில் தண்ணீர். கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் முந்திக்கொண்டு, "வாய் இறுகிக்கிச்சு ஃபாதர். இந்த வியாதியில அப்படித்தான் ஆகும்" என்றேன். எல்லோரிடமும் அது வியாதி இல்லை என்று வாதாடுகிற அதே வாயால் சொன்னேன். அவர் உன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனார். பிரியாணி நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஐந்து வருஷம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசைக்கு வந்தாய், ஒரு தடவைகூட நன்மை வாங்கவில்லை. விழுங்குவது கஷ்டம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பியும்விட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் நீ சாப்பிட மறுக்க ஆரம்பித்தபோது பயந்துபோய் வசந்தா டீச்சரிடம் போனேன். எத்தனை நேரம் நிற்க வைக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நடக்கறவங்கதான் எங்கேயாவது போய்ச் சேருவாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னா? அவனுக்கு ஒரு சக்கர நாற்காலி குடுங்க, எங்கே போறான்னு பாருங்க" என்றார். நாற்காலி வந்த முதல் வாரம் நீ உன் அப்பாவைத் தள்ளச் சொல்லி லஸ் முழுக்கச் சுற்றினாய். எல்லாக் கடைப் பலகையையும் படித்தாய். மரச் சட்டத்தை அவர் சத்தம் போடாமல் பிரித்து, உனக்குப் படிக்கிற மேஜை செய்துவிட்டார்.

நீ பதினேழு வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு உட்கார்ந்தாய். கல்வி அலுவலகத்தில் அனுமதி வாங்கினால், நீ சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதலாம், கூடுதல் நேரமும் உண்டு. எழுதுகிறவர் உன்னைவிடக் கீழ் வகுப்பில் படிக்கிறவராக இருக்க வேண்டும். என் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படித்த ஸ்டெல்லாவைப் பிடித்தேன். பரீட்சை ஹாலில் நான் இருக்க முடியாது, அதற்குள் அவளுக்கு உன் பேச்சு புரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் உனக்கு ஒரு வருஷம் போய்விடும். ஜனவரியிலிருந்து தினமும் மாலை நம் வீட்டுக்கு வந்தாள். மூன்று வாரம் ஆகியும் அவளுக்கு ஒரு வரி பிடிபடவில்லை. வசந்தா டீச்சர் ஒருநாள் நேரில் வந்து, ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். நீ வாயைத் திறப்பாய், நான் சொல்லிவிடுவேன், ஸ்டெல்லா எழுதுவாள். கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "அமல் அம்மா, நீங்க வெளியே போங்க" என்றார். "எங்கே?" என்றேன். "எங்கேயாவது. ஆறரைக்கு முன்னாடி வராதீங்க" என்றார்.

என் வீட்டிலிருந்து என்னையே துரத்திவிட்டார்கள்! தெப்பக்குளத்தைச் சுற்றினேன். மாட வீதிக் கடைகளில் வேண்டியதும் வேண்டாததும் வாங்கினேன். அந்த மாதம் நீங்கள் சாப்பிட்ட கத்தரிக்காய்க்கெல்லாம் அதுதான் காரணம். முதல் வாரம் திரும்பி வரும்போதெல்லாம் ஸ்டெல்லா முகம் வாடியிருக்கும். இரண்டாம் வாரம் ஒருநாள் மாடிப்படி ஏறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. நீ என்னைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தாய். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நான் அதட்டுகிற அதட்டல், நீ இழுத்து இழுத்துச் செய்தது, ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ நகைச்சுவை தெரிந்தவன் என்பது பதினோரு வருஷம் உன் வாயாக இருந்த எனக்குத் தெரியாது. படியிலேயே நின்றுவிட்டேன். ஆச்சரியமும் பொறாமையும் சேர்ந்தே வந்தன.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் தபசுகாலம் தொடங்கிய வாரம். நான் காபி கொண்டுவந்து வைத்தேன். நீ என்னைப் பார்த்து, நேராக, "அன்னிக்கு வாய் இறுகல" என்றாய். எனக்கு உடனே புரிந்தது. எந்த அன்றைக்கு என்றும் புரிந்தது. என் நாக்கு அதன் பழைய வேலையைச் செய்தது. "ஸ்டெல்லா, அவனுக்குப் பசிக்குதாம், பிஸ்கட் எடுத்துட்டு வரேன்" என்றேன். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி, "இல்ல ஆன்ட்டி. பசிக்குதுன்னு சொல்லல" என்றாள். நீ அவள் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாய், அவள் ஒவ்வொரு சொல்லாக எனக்கு எடுத்துச் சொன்னாள். "அன்னிக்கு வாய் இறுகலையாம். அவன்தான் மூடிக்கிட்டானாம். ஏன்னு அம்மாவுக்குத் தெரியும்ங்கிறான், ஆன்ட்டி." அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீ சொல்லவில்லை. நான் மாற்ற முடியாதபடி சொல்வதற்கு ஒரு சாட்சி கிடைக்கும்வரை ஐந்து வருஷம் நீ காத்திருந்திருக்கிறாய்.

ஸ்டெல்லா போன பிறகு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வயதுப் பையன், தன் பாவம் சொல்லப்படவில்லை, மன்னிக்கப்படவில்லை, அதனால் நன்மை வாங்கத் தகுதியில்லை என்று தீர்மானித்து, ஊர் பார்க்க, புகைப்படக்காரன் பார்க்க, வாயை மூடிக்கொண்டிருக்கிறான். சொன்னபடி கேட்காத அந்த வாயை, உனக்குக் கட்டுப்படாத அந்தத் தாடையை, அன்றைக்கு நீ உன் இஷ்டப்படி மூடினாய். அதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும்! நான் சொன்ன பொய்யோடு நான் போய் வரிசையில் நின்று நன்மை வாங்கினேன். நீ வாங்கவில்லை. நம் வீட்டில் விசுவாசம் யாருக்கு இருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. "மன்னிச்சுடு" என்று சொல்ல நினைத்தேன். "காபி ஆறிடுச்சு, சூடு பண்ணவா?" என்றுதான் வந்தது. அந்தச் சொல்லை இப்போது எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு, அமல். நீ உண்மையைத்தான் சொன்னாய். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் நினைத்திருக்கும்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரம், புதன்கிழமை, பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலில் நீண்ட வரிசை. புதிதாக வந்திருந்த இளம் சாமியார்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நீ "தனியா" என்றாய். உன் அப்பா நாற்காலியை உள்ளே தள்ளி, கதவைச் சாத்திவிட்டு வந்தார். நான் தூணோரம் உட்கார்ந்தேன். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. வரிசையில் நின்றவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். நடுவில் ஒரு தடவை சாமியார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், என்னைக் கூப்பிடப் போகிறார் என்று பாதி எழுந்துவிட்டேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர்தான் கேட்டார். உன் அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா பொறுக்க முடியாமல், "யாருங்க உள்ளே, இவ்ளோ நேரமா?" என்றார். "என் பையன்" என்றேன். "அப்படி என்னதான் சொல்றான்?" என்று கேட்டார். உன் வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு முதல் தடவையாக, "எனக்குத் தெரியாதுங்க" என்று சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நீ வெளியே வந்தபோது உன் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. ஈஸ்டர் பூசையில், சாமியார் அருகில் வருவதற்கு முன்னாலேயே நீ வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாய்.

பரீட்சையில் நீ பாஸ் செய்ததும், உன் அப்பா பிளாஸ்டிக் தகட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு துளை போட்டுக் கொடுத்ததை விசைப்பலகைமேல் வைத்துக்கொண்டு, ஒரே விரலால் கம்ப்யூட்டர் படித்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. வருஷம் இரண்டாயிரம் ஆகும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடுமாம், அதைச் சரிபார்க்க பெங்களூரில் ஒரு கம்பெனியில் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். விடுதியில் உன்னைக் குளிப்பாட்டி உடுத்திவிட ஓர் ஆளைச் சென்டர்காரர்களே விசாரித்து ஏற்பாடு செய்துவிட்டார்கள். அந்த ஆளுக்கு உன்னைத் தூக்கும் விதத்தை நீயே சொல்லிக் கொடு. முதல் நாள் அவருக்குப் புரியாது, கோபப்படாதே. குளிரில் உன் தசை இறுகும், காலையில் அவசரப்படாமல் எழுந்திரு. யாராவது உன்னிடம் கேட்க வேண்டியதைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டால், பதில் வரும்வரை நீ அவர்களையே பார்த்துக்கொண்டிரு. நீ அப்படிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்ததை நேற்றுத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பிளாட்ஃபாரம் வரைக்கும்தான் வருவேன், பெட்டிக்குள் ஏற மாட்டேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. விடுதிக்காரர் பேசி விஷயம் சொன்னால் எனக்குப் போதாது, அவரிடமிருந்து நீயே வாங்கிப் பேசு. போனில் உன் முகம் தெரியாது, உன் உதடு தெரியாது, எனக்கே பாதி புரியாமல் போகலாம். இந்தத் தடவை புரிந்த மாதிரி நடிக்க மாட்டேன். திரும்பக் கேட்பேன், நீ திரும்பச் சொல்.

உன் அம்மா